பாட்டியாரும் பாரிஸ் செல்லலாம்

மேல்நாட்டைக் கண்ணாற் கண்டுவர வேண்டும் என்னும் ஆசை ஒரு காலத்தில் செல்வர்க்கும், சீமைப் படிப்புக்குச் சென்றவர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்று அவ்வாறன்று. கண்டியிலும் பேராதனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாரிஸிலோ ஜேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ ஓர் உறவினர் இருக்கின்றார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில ஆண்டுகள் சேமித்து, பிள்ளைகளுடன் ஒருமுறை போய்வருவோம் என்று எண்ணும் ஆசிரியர்களும் அலுவலர்களும் நம்மிடையே உளர்.

ஆனால், அப்பேச்சு எழுந்த மறுகணமே வீட்டிலுள்ள மூத்தவர், "எனக்கு அங்கே என்ன சாப்பாடு கிடைக்கப் போகிறது? நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்று விலகிக்கொள்ளுகின்றார். பல்கலைக்கழக வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் சந்நிதியில் வெள்ளிதோறும் வணங்கி, மீனும் முட்டையும் அறியாத சமையலை உண்டு வாழ்ந்த பாட்டியார் அவர். கடல் கடந்து சென்ற மகனைப் பல்லாண்டுகளாகக் கண்டிராதவரும் அவரே. ஒரு கறிச்சட்டியின் காரணமாகத் தாயும் மகனும் ஒருவரையொருவர் காணாதிருப்பது நியாயமாகுமா?

ஆகாது, அதற்குத் தேவையும் இல்லை. ஐரோப்பாவில் மரக்கறி உணவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நாம் வகுக்கும் திட்டத்திலேதான். பிறர் முதலில் ஊர்களையும் காட்சிகளையும் குறித்துக்கொண்டு, உணவைப் பற்றிய எண்ணத்தைக் கடைசிக்கு விடுகின்றனர். மரக்கறிக் குடும்பம் முதலில் அடுப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுப்பு அமைந்துவிட்டால் விரதமும் காக்கப்படும், பணமும் காக்கப்படும்.

காந்தியடிகள் காட்டிய வழி

இது புதிய யோசனையன்று. 1927-இல் கண்டிக்கு வந்து சென்ற காந்தியடிகள், அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதனைச் செய்துகாட்டியவர். சட்டம் பயில 1888-இல் இலண்டன் சென்ற அவர், புலால் உண்பதில்லை என்று தாயாருக்கு வாக்களித்திருந்தார். தொடக்கத்தில் தங்கியிருந்த வீடுகளில் உப்பும் சுவையும் இல்லாத வேகவைத்த உணவே கிடைத்தமையால், அரைவயிற்றுடன் நாட்களைக் கழித்தார். பின்னர், நெடுந்தூரம் நடந்து திரிந்து, பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார்.

சிக்கனத்தில் மனம் சென்றபோது, ஒற்றை அறைக்கு மாறி, ஓர் அடுப்பை வாங்கிக்கொண்டார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே தயாரித்தார். நண்பகல் உணவை மட்டும் வெளியில் உண்டு, இரவில் பாணும் கொக்கோவும் கொண்டார்.

பாரிஸ் கண்காட்சியைப் பார்க்கச் சென்றபோதும், அங்கே மரக்கறி உணவகம் ஒன்று உண்டென்று கேள்வியுற்று, அவ்விடத்திலேயே அறை எடுத்து ஏழு நாட்கள் தங்கினார். நகரப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கால்நடையாகவே ஊரைச் சுற்றினார். ஈபிள் கோபுரத்தின் மேல் உண்டதாகச் சொல்லிக்கொள்வதற்காக ஏழு ஷில்லிங்கை வீணாக்கியதையும் சுயசரிதையில் மறவாது எழுதிவைத்தார். உணவுள்ள இடத்தில் தங்குவது, ஓர் ஊரில் பல நாள் இருப்பது, நடந்து பார்ப்பது, பெருமைக்காக உயரத்தில் உண்ணாதிருப்பது என்னும் நான்கும் இன்றைக்கும் பொருந்தும் விதிகளே.

கணக்குப் பார்த்தால்

தந்தை, தாய், பாட்டியார், இரு பிள்ளைகள் என ஐவர் பதினான்கு நாட்கள் செல்வதாகக் கொள்வோம். வெளியில் ஒருவருக்கு ஒருவேளை உணவு 15 யூரோ என வைத்தால், ஐவருக்கு 75 யூரோ. நாளொன்றுக்கு இருவேளை என்றால் பதினான்கு நாட்களுக்கு 2,100 யூரோ ஆகும். ஒருவேளையை வீட்டில் சமைத்தாலே அதிற் பாதியளவு தொகை வெளியே போகாது. அரிசி, பருப்பு, காய்கறிக்கு அதில் ஒரு சிறு பங்கே தேவைப்படும்.

ஆகவே, விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறையுள்ள சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தலே நன்று. உறவினர் வீட்டில் தங்கலாமே என்பீர்கள். அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் சிறியவை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்முடைய பழமொழிதான். மகன் வீட்டில் பாட்டியார் மட்டும் தங்கி, ஏனையோர் அருகிலேயே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் இரு பக்கத்தாருக்கும் மனநிறைவு உண்டாகும்.

எங்கே தங்குவது?

பதினான்கு நாளில் ஏழு நாடுகளைப் பார்த்துவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் சமையல் நின்றுபோகும். புகையிரதக் கட்டணமும் ஏறும். இரண்டு ஊர்கள் போதும்.

முதலாவது பாரிஸ். அந்நகரின் வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் உள்ள லா சப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்துள்ளன. மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகளும், முருங்கைக்காய், கறிவேப்பிலை முதலியன விற்கும் பலசரக்குக் கடைகளும் அங்கே உண்டு. 1985-இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அப்பகுதியிலேயே இருக்கின்றது. ஆகஸ்ட் மாத முடிவை ஒட்டி நிகழும் அதன் தேர்த்திருவிழாவில் பாரிஸ் வீதிகளில் தேங்காய் உடைபடும் ஓசையைக் கேட்கலாம்.

பேராதனைப் பிள்ளைகள் அங்கே அவசியம் காண வேண்டியது தாவரப் பூங்கா. நம் ஊர்ப் பூங்கா 1821-இல் நிறுவப்பட்டது; பாரிஸ் பூங்காவோ 1635-இல் அரசரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. அதனுள் உலாவக் கட்டணமில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். 2019-இல் தீப்பற்றி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ரதாம் பேராலயத்தையும் பணமின்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஜேர்மனியின் மேற்குப் பகுதி. பாரிஸிலிருந்து கொலோன் நகருக்கு விரைவுப் புகையிரதத்தில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் சென்று, அங்கிருந்து பிராந்தியப் புகையிரதத்தில் ஹம் நகரை அடையலாம். 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இங்கேதான் கோபுரத்துடன் எழுந்து நிற்கின்றது. ஜேர்மனியின் பிராந்தியப் புகையிரதங்களிலும் பேருந்துகளிலும் மாதம் முழுவதும் செல்லக்கூடிய சீட்டு 2023-இல் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆயிற்று. அது மாதந்தோறும் தானே நீளும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் நாளுக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதக் கட்டணமும் போய்விடும்.

விசாப் படலம்

பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து உள்ளிட்ட 29 நாடுகளுக்கு ஷெங்கன் விசா ஒன்றே போதும். இலண்டனுக்கு வேறு விசா, வேறு கட்டணம்; ஆகையால் முதற்பயணத்தில் அதனைச் சேர்க்காதிருப்பது சிக்கனம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும். பதினைந்து நாட்களுக்கு முன்னரேனும் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.

2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இல்லை. நமது ஐவரில் பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் ஐந்தும் என்றால் 315 யூரோ ஆகின்றது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. விசா மறுக்கப்பட்டாலும் இப்பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் தேவை. பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கு, அவ்வுறவினர் தம் ஊர் நகர மன்றத்தில் பெற்ற அழைப்புச் சான்றிதழ் வேண்டும், வெறுங்கடிதம் போதாது. பாட்டியாரின் விண்ணப்பத்துக்கு இது மிக முக்கியம்.

விமானத்தில் ஒரு கண்ணி

விமானச் சீட்டில் உணவைக் குறிக்கும்போது "இந்து உணவு" என்றிருப்பதைக் கண்டு மகிழ்ந்து அதனைத் தெரிவு செய்துவிடாதீர்கள்! அதில் மாட்டிறைச்சிதான் இராது. கோழியும் மீனும் இருக்கக்கூடும். நமக்கு உரியது "ஆசிய மரக்கறி உணவு". அதன் குறியீடு ஏ.வி.எம்.எல். என்பது. வெறும் "மரக்கறி" என்று சொன்னால் முட்டை சேர்ந்து வரலாம். இதனைப் பயணத்துக்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்து, ஐவரின் பெயருக்கும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டியில் எதை வைப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பாற்பொருட்களைக் கொண்டு செல்லத் தடை உண்டு. ஆகவே நெய்ப் போத்தலும் தயிரில் ஊறிய மோர்மிளகாயும் வீட்டிலேயே இருக்கட்டும். பழங்களுக்கும் பச்சை இலைகளுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், முள்நாறிப்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கண்டிச் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டைச் சுமக்க வேண்டியதில்லை. வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு பொதி இருந்தால் போதும்.

அலுமினியச் சட்டியையும் விட்டுச் செல்லுங்கள். அங்குள்ள வாடகை வீடுகள் பலவற்றில் இன்டக்ஷன் அடுப்பே இருக்கும். அதில் அலுமினியம் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர் ஒன்று நன்று. மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. சொருகியின் வடிவம் மட்டும் வேறாதலால் மாற்றி ஒன்று வேண்டும். கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்குமுன் யன்னலைத் திறந்துவிடுங்கள். இல்லையேல் புகை எச்சரிக்கை மணி அலறிப் பாட்டியாரை அச்சுறுத்திவிடும்.

கடையில் வாங்கும்போது

ஐரோப்பியர் "வெஜிடேரியன்" என்று சொல்லும்போது முட்டையும் அதில் அடங்கும். "வீகன்" என்றால் முட்டையும் பாலும் இரண்டும் இல்லை. முட்டை கொள்ளாதவர் இரண்டாவது சொல்லையே தேடுக. ஒன்றியச் சட்டப்படி, பொதி செய்த உணவுகளில் முட்டை, பால், மீன் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். ஆயின் இறைச்சியும் ஜெலட்டினும் அப்பதினான்கில் இல்லை. ஆகவே பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பிள்ளைகள் விரும்பும் மெல்லும் இனிப்புகளில் அது மறைந்திருக்கும். பார்மசான் பாற்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளாற் செய்யப்படுவது. வெங்காய சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கக்கூடும்; பெல்ஜியத்து உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மாட்டுக் கொழுப்பே மரபு.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பிரான்சின் மரபுவழிப் பாண் கோதுமை மா, நீர், உப்பு, நொதி ஆகியவற்றாலேயே செய்யப்படுகின்றது. 1993-ஆம் ஆண்டுச் சட்டவிதி அதைக் காக்கின்றது. இத்தாலியரின் மரினாரா பீட்சாவில் தக்காளியும் உள்ளிப்பூண்டும் எண்ணெயுமே உண்டு, பாற்கட்டி இல்லை. அரபு நாட்டவர் விற்கும் பலாபல் நம் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

புலால் மறுத்தல் அங்கும் புதிதன்று. இங்கிலாந்தில் மரக்கறிச் சங்கம் 1847-இலேயே தோன்றியது. சூரிச் நகரின் ஹில்டில் என்னும் மரக்கறி உணவகம் 1898 முதல் நடந்து வருகின்றது. அதனை நடத்திய குடும்பத்துப் பெண்மணி ஒருவர் 1951-இல் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டுக் கறிவகைகளைச் சூரிச்சுக்குக் கொண்டு சென்றார். நாம் அங்கே போவதற்கு முன்பே நமது கறி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதன்றோ!

ஆகவே, அடுத்த முறை பயணப் பேச்சு எழும்போது தேசப்படத்தை விரிப்பதற்கு முன் பாட்டியாரிடம் சென்று, "நாளொன்றுக்கு ஒருவேளை நீங்கள் சொல்லுகிறபடி சமைப்போம், எங்களுடன் வாருங்கள்" என்று கேளுங்கள். அவருடைய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தல் முதல் வேலையாகட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள அயலவர் ஒருவர் கிடைப்பார். பல்லாண்டு கழித்துத் தாயின் கைச்சோறு உண்ணப்போகும் மகனுக்கு வேறு தாய் கிடைப்பதில்லை.