இந்தச் சனிக்கிழமை மீன் பறக்கும்

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் இப்போது இரண்டு மீன்கள் உறைந்து கிடக்கின்றன. வாங்கி வைத்தவர் என் அறைத்தோழி. சமைப்பதற்காக அல்ல. சனிக்கிழமை இரவு குளிர்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போய் எறிவதற்காக. ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிப்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். நியூயார்க் மாநிலம் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தாகா ஒரு சிற்றூர். கீழே கயூகா ஏரி, மேலே குன்று, குன்றின் மேல் பல்கலைக்கழகம். குளிர்காலத்தில் வகுப்புக்கு ஏறிப் போவதே ஓர் இணைப்பாட நடவடிக்கைதான். இந்த ஊரில் காற்பந்தைவிட, கூடைப்பந்தைவிட ஐஸ் ஹாக்கிக்குத்தான் மவுசு. அதிலும் ஹார்வர்ட் வரும் இரவென்றால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த இரவு இந்தச் சனிக்கிழமை. ஆட்டம் இரவு 7 மணிக்கு. சிங்கப்பூரில் அப்போது ஞாயிறு காலை 8 மணி, கோப்பிக்கடையில் பரோட்டாவுக்கு வரிசை பிடிக்கும் நேரம்.

இரு பல்கலைக்கழகங்களும் ஐஸ் ஹாக்கியில் முதன்முதலில் மோதியது 1910இல். ஆனால் மீன் கதை தொடங்கியது 1973இல், அதுவும் ஒரு கோழியிலிருந்து. ஹார்வர்டின் அரங்கில் நடந்த ஆட்டத்தில், கோர்னெல் கோல்காப்பாளரை நோக்கி ஹார்வர்ட் ரசிகர் ஒருவர் ஒரு கோழியை எறிந்தார். கோர்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. "நீங்கள் பண்ணைக்காரர்கள், எங்களோடு போட்டியா?" என்பது அந்தக் கோழியின் பொருள். ஹார்வர்ட் 1636இல் தொடங்கியது, கோர்னெல் 1865இல். இருநூறு ஆண்டுக்கும் மேலான மூப்பு கொஞ்சம் கர்வத்தையும் கூட்டிக்கொண்டு வரத்தான் செய்யும்.

அடுத்து ஹார்வர்ட் இத்தாகாவுக்கு வந்தபோது கோர்னெல் மாணவர்கள் காத்திருந்தார்கள். பாஸ்டன் பகுதி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பேர்போனது. கோழிக்குப் பதில் மீன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கவில்லை. ஹார்வர்ட் அணி பனித்தளத்தில் இறங்கும் கணத்தில் மாணவர் பகுதியிலிருந்து மீன்கள் பறக்கும். அப்புறம் மண்வாரியோடு ஆட்கள் வந்து அள்ள, அதன் பிறகுதான் ஆட்டம். நுழைவாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு எதையாவது எறிந்தால் சொந்த அணிக்கே 2 நிமிடத் தண்டனை விழலாம். ஆகவே எறிவதிலும் நேரம் முக்கியம் என்று அறைத்தோழி எனக்கு முறையாகப் பாடம் எடுத்திருக்கிறார்.

அந்தக் கோழி என்னையும் கொஞ்சம் தைத்தது. நான் படிப்பது உணவு அறிவியல். இங்கே அது வேளாண்மை, வாழ்வியல் அறிவியல் கல்லூரியில்தான் இருக்கிறது. ஹார்வர்ட் கேலி செய்த அதே கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்த ராபர்ட் பேக்கர் 1960களில் கோழி இறைச்சியை அரைத்து, மாவு பூசி, உறையவைத்து விற்கும் முறையை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை வாங்காமல் செய்முறையை அச்சிட்டு எல்லாருக்கும் வழங்கியவர் அவர். இன்று உலகம் முழுதும் பிள்ளைகள் தின்னும் நகெட்ஸின் மூதாதை அதுதான். கோழியை எறிந்தவரின் பேரப்பிள்ளைகளும் தின்றிருப்பார்கள்.

இனி ஆட்டம். நம்மில் பலருக்கு ஐஸ் ஹாக்கி என்றால் படத்தில் பார்த்ததுதான். ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதி 2023இல் மூடப்பட்டபோது அதன் ஒலிம்பிக் அளவு பனித்தளமும் போய்விட்டது. தொடக்கப்பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்கு அங்கே போய், சுவரைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்ததுதான் என் அனுபவம்.

திடல் ஹாக்கி தெரிந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு. நம் திடலின் நீளம் 91.4 மீட்டர், பனித்தளம் ஏறக்குறைய 61 மீட்டர். நம் கோலின் அகலம் 3.66 மீட்டர், இங்கே அதில் சரிபாதி, 1.83 மீட்டர். அணிக்கு ஆறு பேர், கோல்காப்பாளரையும் சேர்த்து. பந்து கிடையாது, 'பக்' எனும் தட்டையான ரப்பர் வட்டு. எடை 170 கிராமுக்கு மேல் போகாது, அகலம் ஏழரை சென்டிமீட்டர். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைக்கிறார்கள். (எங்கள் மீன் மாதிரியே.) 20 நிமிடங்களாக மூன்று பகுதி. ஒருவர் தொடர்ந்து முக்கால் நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்கும். ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டிக் குதித்து ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் யார் எங்கே என்றே எனக்குப் புரியவில்லை. வட்டைப் பார்க்காதே, கூட்டத்தின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார் என்றார் அறைத்தோழி. அது உதவியது.

தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறை ஆட்டங்களைப் போல இங்கே கையுறையைக் கழற்றிவிட்டுச் சண்டை போட முடியாது. பல்கலைக்கழக ஆட்டத்தில் சண்டையிட்டால் வெளியேற்றம். முகம் முழுதும் மூடிய கவசம் கட்டாயம். இன்னொன்று, கோர்னெலும் ஹார்வர்டும் அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதில்லை. சனிக்கிழமை தடுப்பில் மோதி விழுகிறவர் திங்கட்கிழமை என் புள்ளியியல் வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அதே தேர்வை எழுதுகிறார்.

கோர்னெலின் சொந்த அரங்கம் லைனா. 1957இல் திறக்கப்பட்டது, 4,000 பேருக்குச் சற்று மேல் கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய சமூக மன்றத்தின் விளையாட்டுக்கூடம் மாதிரிதான். உள்ளே போனதும் கூரை தாழ்வாக இருப்பதால் சத்தம் மேலே போக வழியில்லாமல் நம் தலையிலேயே விழுகிறது.

இரண்டு வாரங்களுக்கு முன் அங்கே என் முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். எதிரணி வேறு. மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை, ஆட்டம் முழுதும் நின்றபடிதான். எதிரணியினரின் பெயர்களை அறிவிக்கும்போது எல்லாரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்துப் படிப்பதுபோல் பாவனை செய்கிறார்கள். உங்களைப் பார்ப்பதைவிடச் செய்தித்தாள் சுவையானது என்று பொருள். இதற்குப் பயன்படுவது மாணவர்களே நடத்தும் 'கோர்னெல் டெய்லி சன்'. (இந்தப் பக்கத்தையும் அடுத்த முறை கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். ஆசிரியர் மன்னிக்க.) நாட்டுப்பண்ணில் 'சிவப்பு' எனும் சொல் வரும் இடத்தில் கூட்டம் முழுதும் ஒரே குரலில் அதை மட்டும் கத்துகிறது, கோர்னெலின் நிறம் அது என்பதால்.

முதல் கோல் விழுந்ததும் நாலாயிரம் விரல்கள் எதிரணிக் கோல்காப்பாளரை நோக்கி நீண்டன. "சல்லடை! சல்லடை! சல்லடை!" ஆங்கிலத்தில்தான் கத்தினார்கள், பொருள் அதேதான். எல்லாம் உன்னால்தான் என்று இன்னொரு முழக்கம். நானும் கத்தினேன், தொண்டை வலிக்கும்வரை கத்தினேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கூட்டத்தில் ஒருத்தியாக உணர்ந்தது அன்றுதான்.

அப்போது அந்தக் கோல்காப்பாளர் முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு, வலையின் மேல் வைத்திருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்தார். குடிக்கவில்லை. கொஞ்சம் முகத்தில் பீய்ச்சிக்கொண்டு, எங்கோ கூரையைப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

நான் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஹாக்கி விளையாடினேன். கோல்காப்பாளர். உயர்நிலை நான்கில் எங்களுக்குக் கடைசியாக அமைந்த ஆட்டத்தில், நேராக வந்த ஒரு பந்து என் கால்காப்புகளுக்கு நடுவே புகுந்து போனது. மெதுவாக வந்த பந்து. தோற்றோம், வெளியேறினோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது, தற்செயலாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை. அப்பா இரண்டு முறை கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இரண்டாவது கோலுக்கு என்னால் கத்த முடியவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

அறைத்தோழியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இங்கே விளையாட வருகிறவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள், காலி அரங்கில் விளையாட யாருக்கு ஆசை?" என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. கோர்னெலுக்கும் கோல்காப்பாளர்கள் என்றால் தனி மரியாதை. 1967இல் இந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலாக தேசிய வெற்றியாளர் ஆனபோது வலையைக் காத்தவர் கென் டிரைடன். பின்னர் மொன்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்காக ஆறு முறை ஸ்டேன்லி கிண்ணம் வென்றார், சட்டம் படித்தார், கனடாவில் அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்டம்பரில் மறைந்தார். தம் ஆட்டக்காலத்தைப் பற்றி அவர் எழுதிய 'த கேம்' நூலை இங்குள்ள நூலகத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். கட்டுரை முடிந்ததும் தொடங்க வேண்டும்.

அவருக்கு அடுத்து வந்த 1970ஆம் ஆண்டு அணி 29 ஆட்டங்களில் 29லும் வென்று பட்டம் பெற்றது. ஒரு தோல்விகூட, ஒரு சமநிலைகூட இல்லாமல் தேசிய வெற்றியாளரான அணி அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் முதல் பிரிவில் வேறு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கோர்னெல் தேசியப் பட்டத்தை வெல்லவே இல்லை. ஹார்வர்டோ 1989இல் வென்றது. இந்தக் கணக்கை ஹார்வர்ட்காரர்கள் மறக்க விடுவதில்லை.

அண்மைக் காலத்தில் கை ஓங்கியிருப்பது கோர்னெலுக்கு. இரு அணிகளும் விளையாடும் 12 அணி ஈசிஏசி லீக்கின் இறுதிக் கிண்ணத்தை 2022இல் ஹார்வர்ட் எடுத்தது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் கோர்னெல். 2025 வெற்றியோடு விடைபெற்றவர் மைக் ஷேஃபர், 30 பருவங்கள் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். மாணவராக விளையாடிய நாளில், ஹார்வர்ட் ஆட்டத்துக்கு முன் தம் பெயரை அறிவித்தபோது மட்டையைத் தம் தலையிலேயே அடித்து முறித்தவர் அவர். தலைக்கவசம் போட்டிருந்தார், பயப்பட வேண்டாம். இப்போது பொறுப்பேற்றிருக்கும் கேசி ஜோன்ஸும் இங்கே விளையாடியவர்தான். ஹார்வர்ட் பக்கம் டெட் டொனாட்டோ 2004 முதல் இருக்கிறார்; 1989 பட்டம் வென்ற அணியில் ஆடியவர்.

இந்த ஆட்டத்தில் கிடைக்கும் புள்ளிகள் வெறும் மானத்துக்கு அல்ல. லீக் பட்டியலில் முதல் நான்கு இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு முதல் சுற்று ஆட வேண்டியதில்லை, காலிறுதியும் சொந்த அரங்கில். லைனாவில் காலிறுதி ஆடுவதற்கும் ஐந்து மணி நேரம் பேருந்தில் போய் ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

என்னைக் கேட்டால், தண்டனை நிமிடங்களைக் கவனியுங்கள். ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த 2 நிமிடங்களில் நால்வர் ஐவரைச் சமாளிக்கிறார்கள். கோர்னெல் பல ஆண்டுகளாகத் தற்காப்பை நம்பி வாழும் அணி. அந்த நால்வர் வட்டுக்கு முன்னால் உடம்போடு விழுவதைப் பார்க்க வேண்டும். அடுத்து, ஒரு கோல் வேறுபாட்டில் ஆட்டம் முடிவை நெருங்கினால், பின்தங்கிய அணி கோல்காப்பாளரையே வெளியே அழைத்துவிட்டு இன்னொரு தாக்குதல்காரரை இறக்கும். வலை வெறிச்சோடிக் கிடக்கும். கோல்காப்பாளர் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதுவும் செய்ய முடியாமல், தூரத்திலிருந்து தன் வலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் தாங்காது.

யார் வெல்வார்கள்? கோர்னெல், 3க்கு 2. கூடுதல் நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

மீன் விவகாரத்தை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"காசு கொடுத்து மீன் வாங்கி எறியறதா? பாட்டி காதுல போட்டுடாதம்மா" என்றார். தேக்கா சந்தையில் காலை ஆறு மணிக்கே நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குபவர் பாட்டி. தலையைக்கூட வீணாக்க மாட்டார். நானும் உணவு வீணாவதைப் பற்றிப் போன வாரம்தான் இரண்டாயிரம் சொல்லில் ஒப்படைப்பு எழுதிக் கொடுத்தேன்.

"நீங்களா இருந்தா எறிவீங்களாப்பா?"

அப்பா சிரித்தார். "நான் கோல்கீப்பரோட அப்பா. நான் எப்படி எறிவேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணிக்கு ஆட்டம்? இங்கே காலையிலதானே? எங்க பார்க்கலாம்னு சொல்லு" என்றார்.

நேற்று மாலை அறைத்தோழி நூலகத்திலிருந்து வரத் தாமதமானது. எனக்கோ மூன்று வாரமாக மீன்குழம்பு ஞாபகம். புளி இருந்தது, வீட்டிலிருந்து கொண்டுவந்த மசாலாத்தூளும் இருந்தது. என் பங்கு மீனை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அவர் வந்ததும் கதவருகிலேயே நின்று மோப்பம் பிடித்தார், மேல்தட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு முறை சோறு வாங்கினார்.

இன்னொரு மீன் பத்திரமாக இருக்கிறது. அது அவருடையது.