ஒரே பாஸ்கல், எத்தனை பொருள்?



"பாஸ்கல் என்றால் என்ன?" இந்தக் கேள்வியை ஐந்தாம் படிவ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இயற்பியல் படிப்பவர் 'பிரின்சிப் பாஸ்கல்' என்பார். கணக்குப் பிரியர் 'முக்கோணம்' என்பார். கணினியில் ஆர்வமுள்ளவர், "அது ஒரு பழைய நிரல்மொழி சார்" என்பார். தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்குப் 'பாஸ்கா' நினைவு வரும். எல்லாம் சரியான பதில்தான்!

நம்மில் பலர் அப்பா பெயரைத்தான் பெயரோடு சேர்த்து எழுதுகிறோம். பிரான்சில் அப்படி இல்லை, குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். பிளேஸ் பாஸ்கல் (1623–1662) என்ற பிரெஞ்சு அறிஞரின் குடும்பப்பெயரே 'பாஸ்கல்'. 39 வயதில் இறந்துபோன அவர் இயற்பியல், கணிதம், சமயம் என்று மூன்றிலும் கால் பதித்தார். அதனால்தான் ஒரே பெயர் மூன்று துறைகளிலும் நிற்கிறது.

அப்படியானால் எந்தத் துறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயருக்குப் பின்னால் வரும் சொல்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சொல்லும் சில நேரம் நம்மை ஏமாற்றும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பெயரின் சொந்தப் பொருள்

'பாஸ்கல்' என்பது 'பாஸ்கா விழாவுக்கு உரிய' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் எபிரேய மொழியின் 'பெசக்'. தமிழ்க் கத்தோலிக்கர் 'பாஸ்கா' என்கிறார்கள். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'பஸ்கா' என்றிருக்கும். ஆக, அறிவியல் பாடத்தில் பார்க்கும் இந்தப் பெயருக்குள் ஒரு சமயச் சொல் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது.

2. பாஸ்கல் விதி: சட்டமா, தலையெழுத்தா?

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளுக்கும் பரவும். இதுவே பாஸ்கல் விதி. கார் பட்டறையில் வண்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக் இப்படித்தான் வேலை செய்கிறது. 5 சதுர செ.மீ. பரப்பில் 100 நியூட்டன் விசை கொடுத்தால், மறுபுறம் 50 சதுர செ.மீ. பரப்பில் 1000 நியூட்டன் விசை கிடைக்கும்.

மொழிபெயர்க்கும்போது மாணவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மலாயில் 'ஹுக்கும்' என்ற ஒரே சொல் சமயச் சட்டத்துக்கும் வரும், 'ஹுக்கும் ஹூக்' என்று அறிவியலுக்கும் வரும். ஆங்கிலத்தில் 'லா' என்பதும் அப்படியே. தமிழில் பிரித்துச் சொல்ல வேண்டும். மனிதர் இயற்றி, மனிதரே மாற்றக்கூடியது சட்டம். இயற்கையில் இருப்பதைக் கண்டு சொல்வது விதி. 'பாஸ்கல் சட்டம்' என்று எழுதினால் அவர் ஏதோ சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். நீதிமன்றத்தோடு தொடர்புடையவர் அவருடைய அப்பா எத்தியேன்தான். வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அவர் உயர்பதவி வகித்தார்.

'விதி' என்றதும் நம் வீட்டுப் பேச்சில் தலையெழுத்து நினைவுக்கு வரும். "எல்லாம் என் விதி!" என்பதில் உள்ள விதி வேறு, 'பாஸ்கல் விதி'யில் உள்ள விதி வேறு. பலபொருள் ஒருமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

3. பாஸ்கலின் பந்தயம்: சூதாட்டமா?

பந்தயம் என்றதும் குதிரையும் பணமும் கண்ணில் தெரியும். ஆனால் இது சமயத் தத்துவம். பாஸ்கல் இறந்து 8 ஆண்டுகள் கழித்து, 1670இல், அவருடைய குறிப்புகள் 'சிந்தனைகள்' என்ற பொருள்தரும் பிரெஞ்சுத் தலைப்பில் நூலாக வந்தன. இந்த வாதம் அதில்தான் இருக்கிறது.

வாதம் இதுதான்: கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆனாலும் ஏதாவது ஒரு பக்கம் நின்றுதான் வாழவேண்டியிருக்கிறது. நம்பி, கடவுளும் இருந்துவிட்டால் கிடைப்பது எல்லையற்ற இன்பம். நம்பி, கடவுள் இல்லாவிட்டால் இழப்பது கொஞ்சம்தான். ஆகவே நம்புவதே அறிவுடைமை.

பல சமய மாணவர்கள் இருக்கும் வகுப்பில், "எந்தக் கடவுள் டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி! அறிஞர்கள் இந்த வாதத்துக்கு எழுப்பிய முக்கியமான மறுப்புகளில் அதுவும் ஒன்று. வாதக் கட்டுரை எழுதிப் பழக இது பொருத்தமான தலைப்பு.

4. தேற்றமும் முக்கோணமும்: எது வடிவியல்?

இரண்டும் வடிவியல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றுதான் வடிவியல்.

ஒரு வட்டத்தின் மேல் 6 புள்ளிகள் வையுங்கள். வரிசையாக இணைத்து அறுகோணம் வரையுங்கள். 1ஆம் பக்கத்தையும் 4ஆம் பக்கத்தையும் நீட்டினால் ஒரு புள்ளியில் வெட்டும். அதேபோல் 2ஐயும் 5ஐயும், 3ஐயும் 6ஐயும் நீட்டுங்கள். கிடைக்கும் 3 வெட்டுப்புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். (எதிர்ப்பக்கங்கள் இணையாக அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.) வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம் என்றாலும் இது பொருந்தும். இதுதான் பாஸ்கல் தேற்றம். 16 வயதில் அவர் கண்டது, 1640இல் அச்சானது. நம் ஐந்தாம் படிவ மாணவர்களின் வயதுதான்!

'பாஸ்கலின் முக்கோணம்' வடிவியல் அன்று, எண்களின் அடுக்கு. 1, 1 1, 1 2 1, 1 3 3 1 என்று வளர்ந்துகொண்டே போகும். மேல்வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டினால் கீழே உள்ள எண் வரும்.

தமிழாசிரியர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று இங்கே உண்டு. பிங்கலரின் வடமொழி யாப்பு நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், இதே அடுக்கை 'மேருப் பிரஸ்தாரம்' என்ற பெயரில் விளக்கினார். எதற்காக? குற்றசையையும் நெட்டசையையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட! மூன்று அசை என்றால் குற்றசையே இல்லாதது 1, ஒரு குற்றசை உள்ளது 3, இரண்டு உள்ளது 3, மூன்றும் குற்றசை 1. அதாவது 1 3 3 1. சீனாவில் இதை யாங் ஹுய் முக்கோணம் என்றும், ஈரானில் கய்யாம் முக்கோணம் என்றும் சொல்கிறார்கள்.

5. அந்த 'இன்' என்ன சொல்கிறது?

மேலே பார்த்தது நமக்கு ஓர் இலக்கணப் பாடம். 'பாஸ்கலின் முக்கோணம்' ஆறாம் வேற்றுமைப் பொருளில் வருகிறது. நன்னூலின்படி ஆறாம் வேற்றுமை உருபுகள் அது, ஆது, அ. இங்கே 'இன்' சாரியை. 'பாஸ்கலினது' என்பதில் உருபு மறைந்திருக்கிறது. ஆறாம் வேற்றுமை 'தொடர்பு உண்டு' என்று மட்டுமே சொல்லும். 'முதலில் கண்டவர் இவர்தான்' என்று சொல்லாது. கட்டுரையில், "பாஸ்கலின் முக்கோணத்தை முதலில் கண்டவர் பாஸ்கல்" என்று எழுதினால் தகவல் பிழை.

இப்போ இந்த இரண்டையும் பாருங்கள்:

பாஸ்கல் மொழி – பாஸ்கல் என்னும் மொழி. இருபெயரொட்டுப் பண்புத்தொகை. 1970இல் வெளிவந்த நிரல்மொழியைக் குறிக்கும்.
பாஸ்கலின் மொழி – பாஸ்கலுடைய மொழி. அவர் பேசிய பிரெஞ்சு!

ஒரு 'இன்' சேர்ந்ததும் கணினி அறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டு பிரான்சுக்கே போய்விட்டோம். 'பாஸ்கல் அலகு' என்பதும் இருபெயரொட்டுதான். 1971இல் அழுத்தத்தின் அனைத்துலக அலகுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அந்த அலகை அவர் உருவாக்கவில்லை. அவர் நினைவாக வைத்த பெயர் அது.

பயிற்சி

கீழ்க்காண்பவற்றை விரித்து எழுதிப் பொருள் கூறுக.

அ) நியூட்டன் விதி
ஆ) நியூட்டன் அலகு
இ) பாஸ்கலின் மூத்தவர் டெக்கார்ட்

விடை: அ) நியூட்டனுடைய விதி (ஆறாம் வேற்றுமைத்தொகை). ஆ) நியூட்டன் என்னும் அலகு (இருபெயரொட்டுப் பண்புத்தொகை). இ) பாஸ்கலைவிட மூத்தவர் டெக்கார்ட். இங்கே 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு.

இதே முறையில் பிதாகரஸ், ஆர்க்கிமிடீஸ், வோல்ட் ஆகிய பெயர்களையும் மாணவர்களை விரிக்கச் சொல்லுங்கள். 'உடைய' பொருந்துகிறதா, 'என்னும்' பொருந்துகிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.