இணைய விற்பனையில் லாபம் காண வருகைக் கணக்கு அவசியம்

தூத்துக்குடி மாவட்டத்து விளைபொருள்களில் பல வெளியூர்களிலும் பெயர் பெற்றவை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் நிலத்து மிளகாய் வற்றல், உளுந்து, கம்பு ஆகியவற்றுக்கும் எப்போதும் தேவை உண்டு. இப்பொருள்களை வியாபாரியிடம் மொத்தமாகப் போடாமல், இணையம் வழியாக நேரே வீடுகளுக்கு அனுப்பும் முயற்சியில் விவசாயிகளும் உற்பத்தியாளர் குழுக்களும் இறங்கியுள்ளனர்.

இம்முயற்சியில் சிலருக்கு நல்ல விலை கிடைக்கிறது. வேறு சிலருக்கோ வலைத்தளம் அமைத்த செலவும் விளம்பரச் செலவும் கைப்பிடித்தமாக முடிகின்றன. பொருள் தரமாக இருந்தும் விற்பனை ஏறாததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. கடைக்கு வந்தவர்கள் யார், எந்த வழியாக வந்தார்கள், எந்த இடத்தில் வாங்காமல் திரும்பினார்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்வதில்லை. இக்கணக்கைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வெப் அனலிட்டிக்ஸ் எனப்படும் அம்முறையை வருகைக் கணக்கு என்று சொல்லலாம்.

முத்துக்குளிப்பில் பார்த்த கணக்கு

இவ்வகைக் கணக்கு இக்கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பி இருக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே தோணிகளை அனுப்பியதில்லை. சிப்பி படியும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். அதிகாரிகள் முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடச் செய்தனர். ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்பு என்று தெரிந்த பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. சிப்பி இளசாக இருந்தால் அந்தப் பாரை விட்டுவிட்டனர். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் அந்தக் கணக்கு முறை இன்றும் பயன்படும்.

பார் முழுதும் சிப்பி கிடந்தால் போதாது. ஆயிரம் சிப்பியில் எவ்வளவு முத்து என்பதே முக்கியம். அதுபோல, வலைத்தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, ஆயிரம் பேர் வந்தால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும்.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

வலைத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள் கொண்ட ஒரு சிறு நிரல் சேர்க்கப்படுகிறது. யாரேனும் பக்கத்தைத் திறந்தால், அவர் எங்கிருந்து வந்தார், கைபேசியில் பார்த்தாரா, கணினியில் பார்த்தாரா, எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார், வாங்கினாரா என்ற விவரங்களை அது பதிவு செய்கிறது. வந்தவரின் பெயரோ முகவரியோ இதில் தெரியாது.

இதற்கு அதிகமாகப் பயன்படுவது கூகிள் அனலிட்டிக்ஸ். அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005-இல் வாங்கிய கூகிள், அதே ஆண்டு இச்சேவையை இலவசமாகத் தரத் தொடங்கியது. இதன் பழைய பதிப்பு 2023 ஜூலை முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அதற்கு முன் வலைத்தளம் அமைத்தவர்கள், புதிய பதிப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலைத்தளம் அமைத்துத் தருபவரிடம் மூன்று காரியங்களைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, கணக்கு விவசாயியின் அல்லது குழுவின் சொந்த மின்னஞ்சல் பெயரில் இருக்க வேண்டும். அமைத்தவர் பெயரில் இருந்தால், அவர் விலகும்போது கணக்கும் கைவிட்டுப் போகும். இரண்டாவது, பணம் செலுத்தி முடிப்பதையும், 'அழைக்க' என்ற பொத்தானை அழுத்துவதையும் முக்கிய நிகழ்வுகளாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, விரிவான ஆய்வுக்குரிய விவரங்கள் சாதாரணமாக 2 மாதம் மட்டுமே வைக்கப்படும். அதை 14 மாதமாக மாற்றச் சொல்ல வேண்டும். கருப்பட்டி போன்ற பருவப் பொருளுக்குச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலை புரியும்.

மூட்டைக்குக் குறி, இணைப்புக்கும் குறி

சந்தைக்குப் போகும் மூட்டையில் யாருடைய சரக்கு என்று தெரியக் குறி போடுவது வழக்கம். இணைய விளம்பரத்துக்கும் இது பொருந்தும். ஒரே முகவரி இணைப்பை வாட்ஸ்ஆப்பிலும் ஃபேஸ்புக்கிலும் கொடுத்தால், வந்தவர் எதைப் பார்த்து வந்தார் என்பது சரியாகத் தெரியாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குறி சேர்த்த இணைப்பைக் கொடுக்க வேண்டும். இதற்கு யு.டி.எம். குறி என்று பெயர். கூகிள் தரும் இலவசப் படிவத்தில் வலைத்தள முகவரியையும், எங்கு கொடுக்கப்போகிறோம் என்பதையும் நிரப்பினால் குறியிட்ட இணைப்பு தயாராகிவிடும். கருப்பட்டிப் பொட்டலத்தில் ஒட்டும் கட்டக் குறியீட்டிலும் இவ்வாறு தனிக் குறி சேர்க்கலாம். முன்பு வாங்கியவர் பொட்டலத்தைப் பார்த்து மறுபடி வருகிறாரா என்பது அதனால் தெரியவரும்.

ஒரு மாதக் கணக்கு

உடன்குடிப் பக்கத்தில் கருப்பட்டி விற்கும் ஒரு குழு மாதம் ரூ. 3,000 விளம்பரத்துக்குச் செலவிடுவதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். விளம்பரச் செலவு நீங்கலாக ஓர் ஆர்டருக்கு ரூ. 150 மிஞ்சுகிறது.

ஃபேஸ்புக் விளம்பரம்: செலவு ரூ. 2,000, வந்தவர் 1,600, வாங்கியவர் 8.

கூகிள் தேடல் விளம்பரம்: செலவு ரூ. 1,000, வந்தவர் 250, வாங்கியவர் 10.

பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்ஆப் செய்தி: செலவு இல்லை, வந்தவர் 120, வாங்கியவர் 18.

வந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஃபேஸ்புக் விளம்பரமே சிறந்ததாகத் தோன்றும். ஆயிரம் பேருக்கு எத்தனை ஆர்டர் என்று பார்த்தால் ஃபேஸ்புக்கில் 5, கூகிளில் 40, வாட்ஸ்ஆப்பில் 150. ஓர் ஆர்டர் பெற ஆன செலவு ஃபேஸ்புக்கில் ரூ. 250, கூகிளில் ரூ. 100. ஆக, ஃபேஸ்புக் மூலம் வந்த ஒவ்வோர் ஆர்டரிலும் ரூ. 100 நஷ்டம். 8 ஆர்டருக்கு ரூ. 800 போய்விட்டது. கூகிளில் ரூ. 500 லாபம். வாட்ஸ்ஆப்பில் ரூ. 2,700 லாபம்.

கூகிளில் தேடி வருபவர் கருப்பட்டி வேண்டும் என்று நினைத்து வருகிறார். ஃபேஸ்புக்கில் வருபவர் வேடிக்கை பார்க்கும்போது படத்தைக் கண்டு வருகிறார். வாட்ஸ்ஆப்பில் வருபவர் முன்பே ருசி கண்டவர். வித்தியாசம் அதனால்தான். எனினும் ஒரு மாதக் கணக்கைக் கொண்டு ஃபேஸ்புக்கை அடியோடு நிறுத்திவிடுவதும் சரியன்று. அங்கே பார்த்தவர் சில நாள் கழித்துக் கூகிளில் பெயரைத் தேடி வந்து வாங்கியிருக்கக்கூடும். செலவைப் பாதியாகக் குறைத்து, மறு மாதம் மொத்த ஆர்டர் குறைகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆர்டர் கொடுப்பவரிடம், 'எங்கள் கருப்பட்டியைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு நோட்டில் குறித்து வருவதும் பயன் தரும்.

எந்த இடத்தில் திரும்புகிறார்கள்?

வந்தவர் வாங்குவதற்குள் பல படிகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் வருகைக் கணக்கு காட்டும். மேற்சொன்ன உதாரணத்தில் வந்தவர் மொத்தம் 1,970 பேர். அவர்களில் விலைப் பக்கத்தைப் பார்த்தவர் 300, பொருளைக் கூடையில் சேர்த்தவர் 80, கூரியர் கட்டணத்தைப் பார்த்த பிறகும் தொடர்ந்தவர் 38, பணம் செலுத்தியவர் 36 என்று கொள்வோம்.

வாங்கும் எண்ணத்தோடு கூடை வரை வந்த 80 பேரில் 42 பேர் கூரியர் கட்டணத்தைக் கண்டதும் திரும்பிவிட்டனர். இதற்குக் கூடுதல் விளம்பரம் மருந்தாகாது. கட்டணத்தைச் சேர்த்தே விலையை முதலில் காட்டலாம். ஒரு கிலோவாக அனுப்பாமல் 2 கிலோ, 3 கிலோ பொட்டலங்களாக அனுப்பினால் கிலோவுக்கு விழும் கட்டணம் குறையும். இந்த 42 பேரில் 10 பேர் வாங்கினாலும், விளம்பரத்துக்கு ஒரு காசு கூட்டாமல் 10 ஆர்டர் அதிகமாகும்.

வருபவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் வருவதாகக் கணக்கு காட்டி, முதல் பக்கத்திலேயே திரும்புவார்களானால், படங்கள் பெரிதாக இருந்து பக்கம் திறக்கத் தாமதமாகிறதா என்று பார்க்க வேண்டும். படங்களின் அளவைக் குறைப்பதற்குச் செலவில்லை.

வாங்குபவர் சொல்லும் பெயர்

விளைவிப்பவர் ஒரு பெயர் சொல்ல, வாங்குபவர் வேறு பெயரில் தேடுவது உண்டு. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக நெடுங்காலமாக ஏற்றுமதியாகும் நிலாவாரை இலை இதற்கு நல்ல உதாரணம். உலகச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அப்பெயரே சந்தையில் நிலைத்துவிட்டது. நிலாவாரை என்று மட்டும் எழுதிவைத்தால் வெளிநாட்டார் தேடும்போது கண்ணில் படாது.

கருப்பட்டியும் அப்படியே. தமிழர் கருப்பட்டி என்று தேடுவர். ஆங்கில எழுத்தில் அதையே பலவிதமாக எழுதுவர். வடநாட்டாரும் வெளிநாட்டாரும் 'பாம் ஜாகரி' என்பர். கூகிளின் இலவச சர்ச் கன்சோல் சேவை, எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று தெரிவிக்கும். அதிகம் காட்டப்பட்டும் வருகை குறைவாக இருந்தால், தலைப்பும் விளக்கமும் சரியில்லை என்று பொருள். தேடுபவர் பயன்படுத்தும் சொற்களைப் பக்கத்தில் இயல்பாகச் சேர்த்து எழுத வேண்டும். புவிசார் குறியீட்டுப் பெயரைச் சரக்கில் பயன்படுத்துவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

புதிய உரத்தைச் சோதிப்பவர் வயலின் ஒரு பகுதிக்கு அதைப் போட்டு, மறு பகுதியை வழக்கம்போல் விட்டு மகசூலை ஒப்பிடுவார். விதை, உரம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் விளைச்சல் கூடியது என்று தெரியாது. இணையக் கடையிலும் விலை, படம், விளம்பரம் மூன்றையும் ஒன்றாக மாற்றலாகாது. ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பொங்கல், தீபாவளி வாரங்களைச் சாதாரண வாரங்களோடு ஒப்பிடுவதும் தவறு. நாலைந்து ஆர்டர் கூடியதையோ குறைந்ததையோ வைத்து முடிவு கட்டக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

குழு உறுப்பினர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் வருகையாகவே பதிவாகும். அவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் தோராயமானவை. கைபேசி இணைப்பில் வருபவர் திருச்செந்தூரில் இருந்தாலும் சென்னை என்று காட்டப்படலாம். எந்த ஊருக்கு எத்தனை பொட்டலம் போனது என்ற கூரியர் ரசீதுக் கணக்கே உறுதியானது.

வாங்கியவரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. செய்தி வேண்டாம் என்பவர்களுக்கு அனுப்புவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

வருகைக் கணக்கு வியாபார வழியைக் காட்டுமேயன்றிச் சரக்கின் தரத்தை உயர்த்தாது. சீனி கலந்த கருப்பட்டியை ஒரு முறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். முன்பு வாங்கியவர்கள் திரும்ப வருவது குறைந்தால், முதலில் சரக்கையும் பொட்டலம் கட்டும் முறையையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்து இளகும் என்பதால் காற்றுப் புகாமல் கட்டி அனுப்புவது அவசியம்.

வலைத்தளம் இல்லாதவர்களுக்கு

வலைத்தளம் இல்லாத விவசாயிகளும் கணக்கு வைக்கலாம். கூகிள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதிவு செய்தால், எத்தனை பேர் பார்த்தார்கள், அழைத்தார்கள், வழி கேட்டார்கள் என்ற எண்ணிக்கை கிடைக்கும். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் அனுப்பிய செய்திகள் எத்தனை, சேர்ந்தவை எத்தனை, படிக்கப்பட்டவை எத்தனை என்று தெரியும். அதோடு ஒரு நோட்டில் தேதி, ஊர், எடை, எப்படித் தெரிந்து வந்தார், முதல் தடவையா மறு தடவையா என்ற ஐந்து பத்திகளை வரைந்து, ஆர்டர் வரும்போதெல்லாம் குறித்துவர வேண்டும்.

வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்த வழியில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், ஓர் ஆர்டருக்கு என்ன செலவு, எந்தப் படியில் அதிகம் பேர் திரும்பினார்கள் என்ற நான்கையும் எழுதிப் பார்க்கலாம். பங்குனியில் பதநீர்ப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இக்கணக்கை ஆரம்பித்துவிட்டால், புதுக் கருப்பட்டி வரும்போது விளம்பரப் பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்.