மானிப்பாயில் ஒரு தமிழ் வைத்திய ஆசான்

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, நோயுற்ற வேளையில் தாய்மொழியின் அருமை நன்கு விளங்குகிறது. நெஞ்சு கரிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்பதற்கு ஈடான சொல் கிடைக்காமல் பெங்களூர் மருத்துவமனைகளில் திகைத்து நின்றோர் நம்மிற் பலர். இத்தகைய இடரை வைத்தியரின் பக்கமிருந்தே நீக்க முயன்ற அமெரிக்கர் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார்.

அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். கிறிஸ்தவ மிஷன் வைத்தியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார்; மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். நோயாளரைப் பேணியதோடு, உள்ளூர் இளைஞருக்கு உடற்கூறும் மருத்துவமும் பயிற்றினார்.

தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆனால் கற்றுத் தேர்ந்தவர் பலர் உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமங்களின் குறை தீரவில்லை. ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டுமல்லவா? 1852-இலேயே கட்டர் என்பாரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கியிருந்தார். பின்னர் மாணாக்கர் துணையோடு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலியவற்றை வெளியிட்டார். இவை சத்திர சிகிச்சை, உடற்கூறு, இரசாயனம் ஆகியவை பற்றியவை. அனைத்தும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும்.

கலைச்சொல் ஆக்குவதில் அவர் வகுத்த முறை எளியது. முதலில் தமிழ் நூல்களில் வழங்கும் சொல்லைத் தேடுவார். இல்லையேல் வடசொல்லை நாடுவார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்ததே. நாள்தோறும் அரசாங்க ஆவணங்களைத் தமிழாக்கும் எனக்கு, இவ்வரிசையை மாற்ற இன்றும் காரணம் தோன்றவில்லை.

1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884-இல் வூஸ்டரில் காலமானார்.

ஆங்கிலம் கற்று ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். கிறீன் கவலையுற்றதும் நம்மைப் போன்றோரை எண்ணியே. பிழைப்புக்காக வந்ததில் குற்றமில்லை. ஆனால் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் சொற்களேனும் நம் பிள்ளைகள் நாவில் வழங்குகின்றனவா? அயல்நாட்டார் ஒருவர் முயன்று பேணிய சொற்செல்வத்தை நம் இல்லங்களில் இழந்துவிடலாகாது.