ராணியின் கப்பலில் ஒரு ரகசிய உலா!

அந்தக் குட்டி கிராண்ட் பியானோவின் கால்களைக் குனிந்து பாருங்கள். தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்! அலை அடித்தால் பியானோ அறைக்குள் ஓடக் கூடாது இல்லையா? மேலே வழவழக்கும் மரம், கீழே இரும்பு முடுக்கு. பிரிட்டானியா கப்பல் முழுக்க இப்படித்தான். எந்த அழகைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஒரு காரியம் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் எலிசபெத் ராணியின் அரச யாட் இது. 412 அடி நீளம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த ஜான் பிரவுன் தளத்தில் கட்டி, 1953 ஏப்ரல் 16 அன்று நீரில் இறக்கினார்கள். 1997 வரை கடலில் உழைத்துவிட்டு, இப்போது எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் நிற்கிறது. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறிப் பார்க்கலாம்.

உள் அலங்காரத்துக்கு முதலில் வரைந்து காட்டிய திட்டம் ராணிக்கும் அவர் கணவர் பிலிப்புக்கும் பிடிக்கவில்லை. பகட்டு கூடிவிட்டதாம். பிறகு வந்தவர்தான் ஹியூ காசன். 1951இல் நடந்த பிரிட்டன் விழாவின் கட்டடக்கலைப் பொறுப்பை ஏற்றிருந்த கட்டடக் கலைஞர். நாட்டில் அப்போதும் ரேஷன் நடந்துகொண்டிருந்தது. காசன் என்ன செய்தார் தெரியுமா? சுவருக்கு வெளிர் நிறங்கள், சோபாவுக்குப் பூப்போட்ட சின்ட்ஸ் துணி, தங்கப் பூச்சு அங்கங்கே ஒரு கீற்று. முந்தைய அரசக் கப்பலான ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்’டிலிருந்து சில தட்டுமுட்டுச் சாமான்களையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே நுழைந்தால் கிராமத்துப் பண்ணை மாளிகையின் கூடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அரண்மனை மிரட்டல் துளிகூட இல்லை. எனக்கு இந்த அடக்கம் அவ்வளவு பிடித்திருக்கிறது!

கப்பலின் வரவேற்புக் கூடத்தில் ஒரு கணப்பு இருக்கிறது. நிஜக் கரி போட்டு எரிப்பதாகத்தான் முதலில் யோசனை. ஆனால் கடற்படை விதிப்படி, கப்பலில் நெருப்பு எரிகிற நேரமெல்லாம் வாளியோடு ஒரு மாலுமி பக்கத்திலேயே நிற்க வேண்டும். ராணி தேநீர் அருந்தும்போது தோளருகே ஒருவர் வாளியுடன்! யோசனையைக் கைவிட்டு மின்சார அடுப்பைப் பொருத்திவிட்டார்கள்.

படுக்கையறைக்கு வாருங்கள். ராணிக்கும் பிலிப்புக்கும் தனித்தனி அறை. இரண்டிலும் ஒருவர் படுக்கும் கட்டில்தான். பிலிப், தன் தலையணை உறையில் லேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஜன்னல்களைக் கவனியுங்கள், வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கின்றன. வெளியே தளத்தில் நடந்து போகிறவர்கள் கண்ணில் உள்ளே இருப்பது படக் கூடாதே! கனத்த திரைச்சீலை எதுவும் தேவைப்படாமல், ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி வைத்தே வேலையை முடித்திருக்கிறார்கள். மேலே போனால் இன்னொன்று: கப்பலின் முன்பக்க மாடத்தில் ஒரு மரத்தடுப்பு. கடல்காற்று அரச குடும்பத்துப் பெண்களின் பாவாடையைத் தூக்காமலிருக்க அது!

விருந்து அறைக்குத்தான் எனக்குக் கால் பரபரக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் உட்காரும் விருந்துக்கு மேஜை போடவே மூன்று மணி நேரம் ஆகும். கத்தி, முள்கரண்டி, கோப்பை ஒவ்வொன்றுக்கும் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தார்கள்! அதே அறை சில ராத்திரிகளில் சினிமா கொட்டகை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரார்த்தனைக் கூடம். இடத்துக்குப் பஞ்சமுள்ள கப்பலில் ஒரே அறை எத்தனை வேஷம் போட்டது பாருங்கள்.

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டே, அது வேண்டுமானால் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். சலவை அறை! மாலுமிகள் ஒரே நாளில் பலமுறை சீருடை மாற்றுவார்கள். அத்தனையும் இங்கேதான் வெளுத்து இஸ்திரி போட்டாக வேண்டும். மேலே ராணியின் அறைப் பக்கம் வேலை செய்தவர்கள் சத்தம் எழுப்பாத ரப்பர் அடிக் காலணிதான் போட வேண்டியிருந்தது. உரத்த குரலில் உத்தரவு இருக்காது, கை ஜாடைதான். அந்த அறைகளின் அமைதி சுவரிலும் கம்பளத்திலும் மட்டுமா இருந்தது? இவர்கள் காலடியிலும் இருந்தது.

இன்றைய சொகுசு யாட்களிலும் இதே வித்தைகள் தொடர்கின்றன. குளியலறையில் மின்னும் பளிங்கு, சில மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, தேன்கூடு போன்ற அலுமினியப் பலகையில் ஒட்டியது. முழுக்கல் வைத்தால் கப்பல் பாரம் தாங்குமா? இழுப்பறைகள் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். மேஜை விளிம்பில் மெல்லிய வரம்பு, மூலைகளெல்லாம் உருட்டிச் செதுக்கியவை.

மறுபடி பிரிட்டானியாவுக்கே வருவோம். அதன் அழகெல்லாம் ஒருநாள் வேறு காரியத்துக்கு உதவியது. போர் வந்தால் மருத்துவமனைக் கப்பலாக மாறும் வகையில்தான் அதைத் திட்டமிட்டிருந்தார்கள். அந்தத் தேவை வரவே இல்லை. ஆனால் 1986 ஜனவரியில் தெற்கு ஏமனில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பக்கத்துக் கடலில் போய்க்கொண்டிருந்த இந்தக் கப்பல் ஏடன் கரைக்குத் திரும்பியது. பல நாட்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அரச விருந்தினர் உலாவிய அறைகளில் அகதிகள் படுத்துறங்கினார்கள். காசனின் கூடத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை என்ன இருக்க முடியும்!

இன்னொன்றைக் காட்டாமல் அனுப்ப மனசு வரவில்லை. கப்பலிலேயே ஒரு கார் ஷெட் உண்டு, ராணியின் ரோல்ஸ் ராய்ஸுக்காக. இடமோ மகா நெருக்கடி. கிரேனில் தூக்கி வைத்தாலும் கார் உள்ளே போகாது. அதனால் முன் பம்பரையும் பின் பம்பரையும் கழற்றி, காரை உள்ளே தள்ளுவார்கள். அடுத்த துறைமுகத்தில் இறக்கியதும் இரண்டையும் மறுபடி மாட்டித் துடைத்து, பளபளக்க வைத்து, ராணியை ஏற்றிக்கொள்ள நிறுத்துவார்கள்!