சண்டிக்குதிரை... ஏன் முரண்டு பிடிக்கிறது?

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நவீன பென்டத்லான் போட்டி. வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது ஜெர்மனியின் அனிகா ஷ்லோய்தான் முதலிடம். அடுத்தது குதிரையேற்றம். இந்தப் போட்டிக்கு யாரும் சொந்தக் குதிரையோடு வருவதில்லை. குலுக்கலில் ஒரு குதிரை கிடைக்கும். அதோடு பழக 20 நிமிடம் கிடைக்கும். அவ்வளவுதான்! அனிகாவுக்கு வாய்த்தது ‘செயின்ட் பாய்’.

அந்தக் குதிரை களத்தில் இறங்கவே மறுத்தது. பின்வாங்கியது, திமிறியது, தடைகளைத் தாண்டாமல் நின்றது. அன்று அவருக்கு முன்னால் ஏறிய ரஷ்ய வீராங்கனையிடமும் அது இப்படித்தான் நடந்துகொண்டது. அனிகா அழுதுகொண்டே சாட்டையால் அடித்தார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ‘நன்றாக அடி’ என்று கத்தினார். தானும் குதிரையைக் குத்தினார். உலகமே டி.வி-யில் பார்த்துக்கொண்டிருந்தது. முதலிடத்தில் இருந்த அனிகா 31-வது இடத்துக்குப் போனார். பயிற்சியாளர் போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

நம் ஊரில் இப்படிப்பட்ட குதிரைக்கு ஒரே பெயர்தான்: சண்டிக்குதிரை. சொன்னபடி கேட்காத பிள்ளையைக்கூட ‘சண்டித்தனம் பண்றான்’ என்கிறோம். ஆனால், குதிரைகளோடு வாழ்நாளைக் கழித்தவர்களிடம் கேட்டால், ‘சண்டி என்று சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்’ என்பார்கள். அதற்கு எங்காவது வலிக்கிறதா? எதையாவது பார்த்துப் பயப்படுகிறதா? நாம் கேட்பது அதற்குப் புரிகிறதா?

வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

காட்டில் வலியைக் காட்டிக்கொள்ளும் குதிரைதான் முதலில் வேட்டையாடப்படும். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது. முதுகில் ஆள் ஏறும்போதுதான் அது மெள்ள வெளியே தெரியும்.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன், குதிரைகளின் நொண்டலை ஆராய்வதில் நிபுணர். சவாரியின்போது குதிரைகள் காட்டும் 24 அறிகுறிகளை இவர் பட்டியலிட்டார். காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பது, வாயைத் திறந்தபடியே ஓடுவது, தலையை உதறுவது, திடீரென நின்றுவிடுவது என நீள்கிறது பட்டியல். இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், அந்தக் குதிரைக்கு எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார். நாம் ‘திமிர்’ என்று நினைக்கும் பல செயல்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வலிக்குக் காரணங்களும் பல. பொருந்தாத சேணம் முதுகில் குத்தும். வயிற்றில் அல்சர் இருக்கலாம். குளம்பில் கோளாறு இருக்கலாம். பல்லும் முக்கியம். குதிரைக்குச் சுமார் இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். பெரும்பாலும் அதே வயதில்தான் வாயில் கடிவாளத்தை மாட்டிப் பழக்கவும் ஆரம்பிக்கிறோம். பல் முளைக்கும் குழந்தையின் வாயில் இரும்பை வைத்து இழுத்தால் எப்படி இருக்கும்?

நிழலைக் கண்டு மிரண்ட குதிரை

பயத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம், அலெக்சாண்டரின் குதிரை புசெபாலஸ். 13 டாலன்ட் விலை சொல்லி மன்னர் பிலிப்பிடம் விற்க வந்தார்கள். யாரையும் ஏறவிடவில்லை. ‘கொண்டு போங்கள்’ என்றார் மன்னர். சிறுவனாக இருந்த அலெக்சாண்டர், குதிரை தன் நிழலைப் பார்த்தே மிரள்வதைக் கவனித்தார். அதைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். தட்டிக்கொடுத்தார், கூடவே கொஞ்ச தூரம் ஓடினார், பிறகு மெதுவாக ஏறினார். அடிக்கவில்லை. இந்தக் கதையை எழுதி வைத்தவர் புளூட்டார்க். அந்தக் குதிரைதான் பின்னாளில் அலெக்சாண்டரோடு ஜீலம் நதிக்கரை வரை வந்தது.

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், கிட்டத்தட்ட 350 டிகிரி சுற்றளவுக்குப் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. போதாக்குறைக்கு, புலியும் சிங்கமும் பாய்ந்து ஏறும் இடமும் அதன் முதுகுதான். அங்கே ஒரு மனிதர் உட்காரும்போது அது உதறாமல் இருந்தால்தான் ஆச்சர்யம்!

இதில் நம் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்வீடனில் 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும், ‘நான்காவது சுற்றில் குதிரைக்கு முன்னால் குடையை விரிப்போம்’ என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும், மனிதர்களின் இதயத்துடிப்பு எகிறியது. கூடவே குதிரையின் இதயத்துடிப்பும் எகிறியது. டோக்கியோவில் முதுகின்மேல் ஒருவர் அழுதுகொண்டிருந்தபோது செயின்ட் பாய்க்கு என்ன தோன்றியிருக்கும்?

சண்டித்தனத்தைக் கற்றுக்கொடுப்பது யார்?

வலியும் இல்லை, பயமும் இல்லை. அப்படியும் நகரவில்லை என்றால், பெரும்பாலும் பாடத்தில்தான் பிழை.

ஓட்டுபவர் காலால் விலாவை லேசாக அழுத்துவார். குதிரை ஓரடி முன்னே வைத்ததும் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். அழுத்தம் விலகும் அந்த நொடியில்தான் ‘ஓ, இதைத்தான் கேட்டார்கள்’ என்று குதிரைக்குப் புரியும். அது நடந்த பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால், உதைக்கு அர்த்தமே இல்லை என்று மரத்துப்போகும். காலால் ‘போ’ என்று சொல்லிவிட்டு, கையால் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அது வண்டியில் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பது போலத்தான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குதிரை துள்ளுகிறது, பயந்துபோய் இறங்கிவிடுகிறோம். ‘துள்ளினால் ஆள் இறங்கிவிடுவார்’ என்பதை அது அன்றே படித்துவிடும். இப்படித்தான் பல சண்டிக்குதிரைகள் உருவாகின்றன.

மறுபடியும் முதலிலிருந்து...

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி பல், முதுகு, கால் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். சேணம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு சவாரியை மறந்துவிட்டுத் தரையில் நின்றே பழக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தபடி ‘நட, நில், பின்வாங்கு’ என்பதையெல்லாம் அது தயங்காமல் செய்த பிறகுதான் சேணம். அதையும் முதலில் முகர்ந்து பார்க்க விட வேண்டும். ஆள் ஏறுவது கடைசிப் படி. எந்தப் படியில் மிரண்டாலும் அதற்கு முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பயிற்சி கொஞ்ச நேரம் போதும். சரியாக ஒன்றைச் செய்த கையோடு அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும்.

இதெல்லாம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. 500 கிலோ எடையுள்ள உயிர் பயத்தில் திமிறினால் யாராலும் தாங்க முடியாது.

கோபத்தோடு குதிரையை நெருங்கவே கூடாது என்று கிரேக்க வீரர் செனபோன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். டோக்கியோவில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. விளைவு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நவீன பென்டத்லானில் குதிரையேற்றமே முடிவுக்கு வந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தடை தாண்டும் ஓட்டம் வந்திருக்கிறது.

அடுத்த முறை மெரினாவிலோ ஊட்டியிலோ குழந்தையைக் குதிரைமேல் ஏற்றும் முன் ஒரு நிமிடம் அதன் காதையும் வாயையும் பாருங்கள். காது பின்னால் மடங்கியிருந்தால், சேணத்துக்குக் கீழே புண் தெரிந்தால், அன்றைக்கு சவாரி வேண்டாம். ‘ஏம்மா வேண்டாம்?’ என்று குழந்தை கேட்டால் சொல்லுங்கள்: “அதுக்கு வலிக்குதுடா.”