பெரிய காலேஜை விட்டு வர்றதுக்கு முன்னாடி: டி.சி.-யைக் கடைசியா வாங்குங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா கிண்டி வர்றதுக்குள்ள எம்.சி.சி., குரோம்பேட்டை எம்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம்னு மூணு பெரிய பேர் வந்துடும். நடுவுல எத்தனையோ சின்ன காலேஜும் இருக்கு. நம்ம ஏரியா கல்யாண வீட்டுல ‘எப்படி இருக்கே?’-க்கு முன்னாடி ‘எந்த காலேஜ்?’னுதான் கேப்பாங்க.

அப்படிப்பட்ட இடத்துல, வெளிமாநிலத்துல ஒரு பெரிய நிறுவனத்துல சீட் கிடைச்சுப் போன ஒருத்தர், ‘என்னால முடியல, வீட்டுப் பக்கமா ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கறேன்’னு சொன்னா என்ன ஆகும்? இந்த எபிசோட் அவங்களுக்கு.

முதல்ல ஒரு விஷயம். நீங்க தனி ஆள் இல்ல. 2023 டிசம்பர்ல மத்திய அரசு மக்களவையில கொடுத்த பதில்படி, அதுக்கு முந்தின 5 வருஷத்துல மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். மூணுலயும் சேர்த்து எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள்ல மட்டும் 13,500-க்கும் மேல் பேர் பாதியில வெளியேறியிருக்காங்க. வேற நிறுவனத்துக்கும் வேற படிப்புக்கும் மாறிப் போறவங்களும் இதுல உண்டுன்னு அந்தப் பதிலே சொல்லுது. அதாவது, கணக்குல ‘டிராப்-அவுட்’னு விழுற எல்லாரும் படிப்பை விட்டவங்க இல்ல.

சரி, மாற முடியுமா? இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ‘டிரான்ஸ்ஃபர்’னு நாம சொல்றது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபரே இல்ல, முதல் வருஷத்துல இருந்து புது அட்மிஷன். பி.டெக்-கை விட்டுட்டு பி.எஸ்சி. சேர்ந்தா அப்படித்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷ லேட்டரல் என்ட்ரி டிப்ளமோ, பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கானது, அந்த வழியில நுழைய முடியாது.

அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜுக்குள்ள மாறுறது வேற கதை. காலி இடம் இருக்கணும், ரெண்டு காலேஜும் சம்மதிக்கணும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா விண்ணப்பிக்கணும். பாடத்திட்டம் ஒத்துப்போகலைன்னா விட்டுப்போன பேப்பர்களையும் எழுதணும்.

அப்போ படிச்ச செமஸ்டர் வீணா? 2021-ல யு.ஜி.சி. கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இதுக்காகத்தான். உங்க கிரெடிட் அதிகபட்சம் 7 வருஷம் அங்க இருக்கும். ஆனா டிகிரி தர்ற நிறுவனத்துல குறைஞ்சது பாதி கிரெடிட் வாங்கியிருக்கணும். புது காலேஜ் பழைய கிரெடிட்டை ஏத்துக்குமாங்கிறது தனிக் கேள்வி. வாய்மொழியா ‘பாத்துக்கலாம்’னு சொன்னா நம்பாதீங்க, எழுத்துல கேளுங்க.

அடுத்து பணம். யு.ஜி.சி.-யோட 2018 விதிப்படி, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினா, சின்னப் பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வரும். கடைசித் தேதி முடிஞ்சு 15 நாளுக்குள்ளன்னா 80%, அதுக்கப்புறம் 30 நாள் வரைக்கும் 50%, அதையும் தாண்டினா எதுவும் இல்ல. சில வருஷம் யு.ஜி.சி. தனிச் சுற்றறிக்கை விட்டு தேதியைத் தள்ளிவைக்கும், அதையும் பாருங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை நிறுவனம் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னும் அதே விதி சொல்லுது.

இழப்பே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனிகள், சீனியர்களோட தொடர்பு, ரெஸ்யூமைப் பார்த்ததும் கிடைக்கிற மரியாதை, இதெல்லாம் குறையலாம். அதனால உங்களுக்குப் பிடிக்காதது படிப்பா, ஊரா, ஹாஸ்டலான்னு தனித்தனியா எழுதிப் பாருங்க. படிப்புன்னா அங்கேயே பிராஞ்ச் மாற வழி இருக்கான்னு கேளுங்க. உடம்போ மனசோ சரியில்லைன்னா ஒரு செமஸ்டர் பிரேக் கேளுங்க. மனசு ரொம்பக் கனமா இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. அது அரசோட டெலி-மானஸ், தமிழ்லயே பேசலாம்.

பிரேக் எடுத்தா திரும்பிப் போகலாம். டி.சி. வாங்கிட்டா முடியாது. அதனால வரிசை இதுதான்: முதல்ல புது சீட் உறுதி, அப்புறம் கிரெடிட் பத்தி எழுத்துல பதில், அப்புறம் ரீஃபண்ட் தேதி, கடைசியா டி.சி.

வீட்டுல சொல்லும்போதும் ‘என்னால முடியல’ன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி அப்பா அம்மா கையில கொடுங்க. அழுகையும் கோபமும் வரத்தான் செய்யும். ஆனா பேச்சு ‘ஊர் என்ன சொல்லும்’ல இருந்து ‘அடுத்து என்ன’வுக்கு வந்துடும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!